காட்சியும் கட்டளையும்: ஆவிகளைக் குறித்துக் கிறிஸ்தவ மரபு வகுத்த நெறிகள்

காணப்படுகிறவை, காணப்படாதவை ஆகிய அனைத்தையும் படைத்த ஒரே கடவுளை விசுவசிப்பதாக வழிபாட்டில் எழுந்து நின்று அறிக்கையிடும் ஒரு சபை, காணப்படாத ஏதோ ஒன்று இரவில் தன் வீட்டுக் கதவைத் தட்டியதாக ஓர் அங்கத்தினர் வந்து நடுக்கத்தோடு சொல்லும்போது அவருக்கு என்ன மறுமொழி கூறவேண்டும் என்பது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. பேய் என்பதும் ஆவி என்பதும் வெறும் அஞ்ஞானம் என ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோர் ஒருபுறமும், கண்ட கனவு, கேட்ட ஓசை யாவற்றையும் மறுவுலகின் செய்தியாகவே கொண்டு அலைவோர் மறுபுறமும் நிற்க, இவ்விரு சாராருக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை நடந்துவந்த பாதையொன்று உண்டு. அது நேரான ஒற்றைப் பாதையன்று. காலந்தோறும் பிரிந்தும், ஒன்றையொன்று மறுத்தும், சிற்சில இடங்களில் மீண்டும் கூடியும் சென்ற நான்கு பெருநெறிகளைக் கொண்டது.

அந்நெறிகளின் வரலாற்றையும், அவை வகுத்துச் சென்ற பிரமாணங்களையும் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படுகிறது. ஆவி உண்டா, இல்லையா என்ற ஒரு வினாவுக்கு விடை சொன்னவுடன் தம் கடமை தீர்ந்ததாக இந்நெறிகளின் பெரியோர் கருதவில்லை. அஞ்சி வந்தவரை எவ்வாறு ஆற்றுவது, இறந்தவருக்கு நாம் ஆற்றவேண்டிய கடன் யாது என்னும் இரு வினாக்களும் அதனோடு பிணைந்தே வந்தன. அவ்விரண்டுக்கும் எவ்வளவு அன்போடு விடை கண்டதோ அவ்வளவுக்கே ஒவ்வொரு நெறியும் நம் மதிப்புக்கு உரியதாகிறது.

வேதம் இட்ட அடித்தளம்

மோசேயின் பிரமாணம் இவ்விஷயத்தில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. குறி கேட்பது, அஞ்சனம் பார்ப்பது, இறந்தோரை அழைத்து விசாரிப்பது ஆகிய அனைத்தையும் உபாகமத்தின் 18ஆம் அதிகாரம் அருவருப்பென்று விலக்குகிறது. உயிரோடிருப்பவர்களின் காரியத்துக்காக இறந்தோரிடம் போவதை ஏசாயா தீர்க்கதரிசியும் கடிந்துரைக்கிறார். எனினும், விலக்கியதே தவிர, அப்படி ஒன்று நிகழவே நிகழாது என்று வேதம் கூறவில்லை. சாமுவேலின் முதலாம் புத்தகம் 28ஆம் அதிகாரத்தில் வரும் எந்தோர் சம்பவமே இதற்குச் சான்று. அஞ்சனம் பார்ப்போரைத் தானே தேசத்தைவிட்டுத் துரத்திய சவுல் அரசன், பெலிஸ்தரோடு பொருதுவதற்கு முந்திய இரவில், வேறு உடை தரித்து, இரண்டு ஆட்களோடு அத்தொழில் புரியும் ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறான். இறந்துபோன சாமுவேலை எழுப்பும்படி கேட்கிறான். சால்வை போர்த்த முதியவர் ஒருவர் எழும்பி வருவதைக் கண்டு அந்த ஸ்திரீயே அலறுகிறாள். தோல்வியையும் மரணத்தையும் அறிவிக்கும் வாக்கைக் கேட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்த அரசனுக்கு, அவளே தன் வீட்டுக் கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டு உண்ணக் கொடுத்து அனுப்புகிறாள். எழும்பி வந்தது மெய்யாகவே சாமுவேல்தானா என்ற கேள்வியிலிருந்துதான் பிற்காலத்து நெறிகள் அனைத்தும் கிளைத்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

சுவிசேஷங்களிலும் ஆவியைப் பற்றிய அச்சம் இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. இரவின் நாலாம் ஜாமத்தில் கடலின்மேல் நடந்து வந்தவரைக் கண்டு சீஷர்கள் ஆவியென்று அலறினார்கள். உயிர்த்தெழுந்த பின்னர் வீட்டுக்குள் அவர்கள் நடுவே வந்து நின்றவரைக் கண்டும் அவ்வாறே கலங்கினார்கள். இரண்டு இடங்களிலும் ஆவிகள் உண்டா என்பதைப் பற்றி ஆண்டவர் உபதேசம் செய்யவில்லை. முதலில் அச்சத்தை நீக்கினார். பின்னர் கைகளையும் கால்களையும் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்லி, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே உண்டார். தம் உயிர்த்தெழுதல் ஓர் ஆவியின் தோற்றமன்று, உடலோடு கூடிய முழு வாழ்வு என்பதே அவர் நிறுவிய உண்மை. ஐசுவரியவானும் லாசருவும் பற்றிய உவமையிலோ, இறந்தவன் ஒருவனைத் தன் சகோதரரிடம் அனுப்பி எச்சரிக்கும்படி ஐசுவரியவான் கெஞ்சியும் அவ்வேண்டுகோள் மறுக்கப்படுகிறது. வேதவாக்கைக் கேளாதவன் இறந்தவன் எழுந்து வந்தாலும் கேட்கமாட்டான் என்பது அங்கே கிடைக்கும் படிப்பினை. ஆவிகளையெல்லாம் நம்பிவிடாமல் சோதித்தறிய வேண்டும் என்ற யோவானின் அறிவுரையோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தேடிப் போகாதே, அஞ்சாதே, சோதித்துப் பார் என்னும் மூன்று கட்டளைகள் நமக்குக் கிடைக்கின்றன.

முதல் நெறி: பிதாக்களின் வழக்கு

எந்தோர் இரவைப் பற்றித் திருச்சபையின் ஆதிப் பிதாக்கள் நடத்திய விவாதம் பெரியது. வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், ஏறத்தாழ 210ஆம் ஆண்டில் ஆத்துமாவைப் பற்றி எழுதிய நூலில், இறந்தோரின் ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலின் நாள்வரை பாதாளத்தில் காக்கப்படுவதால் அவை இவ்வுலகில் உலாவ இயலாது என்றும், சவுல் கண்டது சாமுவேலின் வேடம் பூண்ட பிசாசு என்றும் முடிவு கட்டினார். அதே நூற்றாண்டில் ஒரிஜென், வேதம் சாமுவேல் என்று பெயர் சொல்லிக் கூறுவதைச் சாமுவேல் அல்ல என்று நாம் மாற்றலாகாது என வாதித்து, வந்தவர் மெய்யாகவே அத்தீர்க்கதரிசியே என்று பிரசங்கித்தார். அந்தியோக்கியாவின் மேற்றிராணியார் யூஸ்தாத்தியுஸ் பின்னர் ஒரிஜெனை மறுக்கவே தனி நூலொன்று இயற்றினார். திருச்சபை இவ்வழக்கில் பொதுச்சங்கம் கூட்டித் தீர்ப்பு வழங்கவில்லை என்பதும், இரு கட்சியாரையும் இக்காரணம்பற்றி விலக்கிவிடவில்லை என்பதும் நாம் மனத்திற் கொள்ளத் தக்கவை.

இவ்வழக்கில் மிக நுட்பமாகச் சிந்தித்தவர் அகுஸ்தீனார். தன் மகனைப் புனித பெலிக்ஸின் கல்லறையருகே அடக்கம் செய்ய விரும்பிய ஒரு தாயின் பொருட்டு நோலா நகரத்துப் பவுலீனுஸ் எழுப்பிய கேள்விக்கு விடையாக, ஏறத்தாழ 421ஆம் ஆண்டில், இறந்தோருக்குச் செய்யவேண்டிய கடன் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இரண்டு கனவுகளை அருகருகே வைக்கிறார். மிலான் நகரில் ஒருவன், தன் தகப்பன் பட்ட கடனைத் தரும்படி பத்திரத்தைக் காட்டி நெருக்கப்பட்டான். கடனோ முன்னரே தீர்க்கப்பட்டிருந்தது, மகனுக்குத்தான் அது தெரியாது. கலங்கியிருந்தவனின் கனவில் தகப்பன் தோன்றி, செலுத்துச்சீட்டு இருக்கும் இடத்தைக் காட்டினான். தேடிப் பார்த்தபோது அவ்விடத்திலேயே அது கிடைத்தது. கேட்போர் அனைவரும் தகப்பனின் ஆத்துமாவே வந்தது என்பார்கள். இதன் அருகிலேயே அகுஸ்தீனார் தம் வாழ்வில் நிகழ்ந்த மற்றொன்றை வைக்கிறார். கார்த்தேஜ் நகரில் அவருடைய மாணாக்கரான யூலோகியுஸ் என்னும் ஆசிரியர், மறுநாள் பாடம் சொல்லவேண்டிய சிசரோவின் நூலில் ஒரு பகுதி விளங்காமல் உறக்கமின்றித் தவித்தார். அன்றிரவு கனவில் அகுஸ்தீனார் தோன்றி அப்பகுதியை விளக்கினார். அகுஸ்தீனாரோ அப்போது உயிரோடு, கடலுக்கு அப்பால் இத்தாலியில், இவற்றில் எதையும் அறியாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிரோடிருப்பவன் தான் அறியாமலே பிறன் கனவில் தோன்றக்கூடுமாயின், இறந்தவன் தோன்றினான் என்பதைக் கொண்டு அவன் ஆத்துமாவே வந்தது என்று எப்படி நிச்சயிக்கலாம் என்பது அவர் வாதம். அதற்குமேல் அவர் கூறும் காரணம் நெஞ்சை உருக்குவது. இறந்தோர் தம் விருப்பப்படி வரக்கூடுமானால், தரையிலும் கடலிலும் தம்மைத் தொடர்ந்து வந்த அன்னை மோனிக்கா ஓர் இரவுகூடத் தம்மை விட்டு நீங்கியிருக்கமாட்டார் என்கிறார் அந்த மகன். எனினும் அவர் கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. நோலா நகரம் பகைவரால் முற்றுகையிடப்பட்டபோது புனித பெலிக்ஸ் காணப்பட்டதாகக் கேள்வியுற்றதை ஏற்று, இது ஆத்துமாவின் இயல்பால் நிகழ்வதன்று, தேவ வல்லமையால் அருமையாக நிகழ்வது என வரையறுத்தார். இயல்பான வழக்கம் வேறு, தேவ அனுமதி வேறு என்ற இந்தப் பாகுபாடு பிற்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் வரை நிலைத்து நின்றது.

பாலைவனத் தவசிகள் இதற்கு அனுபவத்தின் அளவுகோலை நல்கினார்கள். 356ஆம் ஆண்டில் மறைந்த எகிப்தியத் தவசி அந்தோணியாரின் சரித்திரத்தை எழுதிய அத்தனாசியார், காட்சிகளைச் சோதிக்க அம்முனிவர் கற்பித்த முறையை விரிவாகக் கூறுகிறார். தூய காட்சி அமைதியாக வரும். முதலில் அச்சம் தோன்றினாலும் அது விரைவில் நீங்கி, மகிழ்ச்சியும் தைரியமும் எஞ்சும். தீய காட்சியோ ஆரவாரத்தோடு வந்து, மனக்குழப்பத்தையும் சோர்வையும் தர்மத்தில் வெறுப்பையும் விட்டுச் செல்லும். வந்தது எதுவாயினும், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று துணிந்து கேட்கவேண்டும் என்பது அவர் உபதேசம். காட்சியைக் கண்டவன் எத்தகையவனாக மாறினான் என்பதைக் கொண்டே காட்சியை எடைபோடும் இம்முறைக்கு இன்றளவும் ஈடில்லை.

இரண்டாம் நெறி: வேண்டுதலை நாடி வந்தோர்

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில், கொள்ளைநோயும் போரும் இத்தாலியை வாட்டிய காலத்தில், பாப்பரசர் மகா கிரகோரியார் 593ஐ ஒட்டி இயற்றிய ‘சம்பாஷணைகள்’ என்னும் நூலின் நான்காம் பாகம் மரபின் போக்கையே மாற்றியது. அதில் வரும் சம்பவங்களுள் ஒன்றைச் சற்று அருகில் நின்று நோக்குவோம். வெந்நீர் ஊற்றொன்றில் வழக்கமாக நீராடும் ஒரு குருவானவருக்கு, பெயரறியாத ஒரு பணியாள் வலிய வந்து காலணி கழற்றி, உடைகளை வாங்கி வைத்து, துடைக்கத் துணி நீட்டி, ஒவ்வொரு முறையும் தவறாமல் பணிவிடை செய்கிறான். நன்றி காட்ட விரும்பிய குருவானவர் ஒரு நாள் காணிக்கையாக வந்த அப்பங்கள் இரண்டை அவனுக்குக் கொண்டு போகிறார். அவன் துயரத்தோடு, இது பரிசுத்தமான அப்பம், இதை நான் உண்ண இயலாது என்று சொல்லி, தான் முன்னொரு காலத்தில் அவ்விடத்தின் உடைமைக்காரனாக இருந்ததையும், தன் பாவங்களின் பொருட்டு இறந்தபின் இங்கேயே ஊழியம் செய்ய விடப்பட்டிருப்பதையும் வெளியிட்டு, தனக்காக அந்த அப்பத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்குமாறு வேண்டி மறைகிறான். குருவானவர் ஒரு வாரம் கண்ணீரோடு நாள்தோறும் பூசை நிறைவேற்றித் திரும்பி வந்தபோது அவனைக் காணவில்லை.

எசமானனாக ஏவி மகிழ்ந்த இடத்திலேயே ஏவலாளாய்ப் பணிந்து நிற்கும் அந்த ஆவி யாரையும் அச்சுறுத்தவில்லை, பழிவாங்கவில்லை, புதையல் காட்டவில்லை. அது கேட்டது ஒரு வேண்டுதலை மட்டுமே. இதே நூலில், விதியை மீறி மூன்று பொற்காசுகளை ஒளித்துவைத்து இறந்த யுஸ்துஸ் என்னும் துறவிக்காக முப்பது நாள் தொடர்ந்து பூசை ஒப்புக்கொடுக்கப்பட, அவர் தம் சகோதரருக்குத் தோன்றித் தாம் விடுதலை அடைந்ததை அறிவித்ததாகவும் வருகிறது. இறந்தோருக்கு முப்பது பூசை வைக்கும் வழக்கத்துக்கு இதுவே மூலம். பின்னர் குளூனி மடத்தின் அதிபர் ஓடிலோ நவம்பர் 2ஆம் நாளை இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் உரிய நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். இறந்தோரின் ஆத்துமாக்கள் தூய்மை பெறும் நிலையாகிய உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய போதனை 1274இல் லியோன் சங்கத்திலும், 1439இல் புளோரன்ஸ் சங்கத்திலும் வரையறை பெற்றது. இவ்வாறு ஆவியின் தோற்றத்துக்கு ஓர் இலக்கணமே அமைந்துவிட்டது: மெய்யான ஆத்துமா உதவி கேட்கும், தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும், உதவி கிடைத்ததும் மீண்டும் வராது.

இந்நெறியினரைக் கண்மூடிகள் என்று எண்ணுவது பிழை. 1323ஆம் ஆண்டின் இறுதியில் தென் பிரான்சின் அலே நகரில், இறந்துபோன ஒருவரின் குரல் மனைவியின் இல்லத்தில் கேட்பதாகச் செய்தி எழுந்தபோது, அவ்வூர்த் தோமினிக் மடத்தின் தலைவர் ஜான் கோபி வீட்டைச் சுற்றிலும் காவல் ஆட்களை நிறுத்தி, வஞ்சகம் ஏதுமுண்டோ என்று முதலில் பார்த்து, பிறகே நற்கருணையை மறைவாக ஏந்திச் சென்று அக்குரலை வரிசையாகக் கேள்வி கேட்டார். அவ்விசாரணையின் வரலாறு அவிஞ்ஞோனில் இருந்த பாப்பரசர் 22ஆம் யோவானுக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் குறையும் இல்லாமலில்லை. துயருற்றோரின் அன்பு காசாக்கப்பட்டது; காட்சிகள் கட்டிச் சமைக்கப்பட்டன. பெர்ன் நகரில் பொய்யான தோற்றங்களை ஏற்பாடு செய்த குற்றத்துக்காக 1509இல் தோமினிக் துறவிகள் நால்வர் எரிக்கப்பட்டது இதன் துயரமான எல்லை. 1563இல் திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தின் போதனையை உறுதிப்படுத்தியபோதே, நிச்சயமற்றவற்றையும், வெறும் ஆவலைத் தூண்டுபவற்றையும், இழிவான ஆதாயத்துக்கு வழிவகுப்பவற்றையும் மக்களிடையே பரப்பலாகாது என்று மேற்றிராணிமாருக்குக் கட்டளையிட்டதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணம்.

மூன்றாம் நெறி: சீர்திருத்தக்காரரின் மறுப்பு

கிறிஸ்துவின் பலி ஒன்றே போதுமானது என்ற அடிப்படையில் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்த சீர்திருத்தக்காரருக்கு, உதவி கேட்டு வரும் ஆத்துமாவுக்கு இடமே இல்லாமற் போயிற்று. ஆத்துமா கடவுளிடம் இருக்கும், அல்லது அவரை இழந்திருக்கும், இடைவழியில் அலைவதற்கில்லை. இந்நெறியின் சிறந்த நூலைச் சூரிக் நகரத்துக் குருவானவர் லூட்விக் லவாட்டர் 1569இல் வெளியிட்டார். மூன்று பாகங்களாக அமைந்த அந்நூலின் முதற்பாகத்தில், மனச்சோர்வுடையோரும், அச்சம் மிக்கோரும், குடித்தவரும், கண்மங்கியோரும் காணாததைக் கண்டதாக நினைப்பதையும், வேடிக்கைக்காகவும் ஆதாயத்துக்காகவும் சிலர் பேய்வேடம் பூணுவதையும், எலியும் பூனையும் காற்றும் எழுப்பும் ஓசைகளையும் அவர் அடுக்கிக் காட்டுகிறார். ஆயினும் இவற்றால் விளக்கவொண்ணாத தோற்றங்கள் உண்டென்றும் அதே பாகத்தில் ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பாகத்தில், அவை இறந்தோரின் ஆத்துமாக்கள் அல்ல, நல்ல தூதரோ பெரும்பாலும் தீய தூதரோ கொண்ட உருவங்கள் என்கிறார். அவற்றைக் காண்போர் விசுவாசத்திலும் ஜெபத்திலும் உறுதிகொண்டு எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதை மூன்றாம் பாகம் போதிக்கிறது. சீர்திருத்தச் சபையார் பேயையே மறுத்தார்கள் என்று பலர் கருதுவது தவறென்பதற்கு இந்நூல் ஒன்றே போதும். அவர்கள் மறுத்தது தோற்றத்தையன்று, அத்தோற்றம் இறந்தவரே என்ற முடிவைத்தான்.

இந்தக் கருத்துமாற்றம் ஐரோப்பிய உள்ளத்தை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘ஹாம்லெட்’ நாடகம் காட்டுகிறது. தன் பாவங்கள் எரிந்து தீரும்வரை சிறைப்பட்டிருப்பதாகக் கூறும் தந்தையின் ஆவி பழைய நெறியைச் சார்ந்தது. அதைக் காணும் மகனோ லூத்தர் போதித்த வித்தன்பர்க்கில் பயின்றவன். வந்தது தந்தையா, தந்தை வடிவில் வந்த பிசாசா என்று அவன் படும் தவிப்பு அந்நாளைய கிறிஸ்தவர் பலரின் தவிப்பே. ஒழுங்கு முறையிலும் இக்காலம் ஒரு நன்மையைச் செய்தது. அத்தியட்சரின் அனுமதியின்றி எந்தக் குருவானவரும் உபவாசத்தாலும் ஜெபத்தாலும் பிசாசு ஓட்ட முற்படலாகாது என்று இங்கிலாந்துத் திருச்சபை 1604இல் விதித்தது. ரோமைத் திருச்சபையின் 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூலும், பேய் பிடித்ததென்று எளிதில் நம்பலாகாது, நோயிலிருந்து அதைப் பிரித்தறிய வேண்டும், மருந்து கொடுப்பதை வைத்தியரிடம் விடவேண்டும் என்று கட்டளையிட்டதோடு, தன்னை இறந்தோர் ஒருவரின் ஆத்துமா என்று பிசாசு சொல்லிக்கொண்டால் அதை நம்பவும் கூடாது என்றது. எதிரெதிர் நின்ற இரு சபைகள் பத்தாண்டு இடைவெளியில் ஒரே எச்சரிக்கைக்கு வந்து சேர்ந்தது சிந்திக்கத் தக்கது.

இம்மறுப்பு நெறியின் வலிமையை மதிக்கும் அதே மூச்சில் அதன் இழப்பையும் சொல்லியாக வேண்டும். நேற்றுவரை தாயின் பெயரைச் சொல்லி மன்றாடியவனுக்கு இன்று அவளுக்காகச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்றாயிற்று. வேண்டுதல் என்னும் வாசல் அடைபட்ட வீடுகளில் துக்கம் வேறு வாசல்களைத் தேடியதைப் பின்வந்த நூற்றாண்டுகள் மெய்ப்பித்தன.

நான்காம் நெறி: சாட்சி தேடியோர்

பதினேழாம் நூற்றாண்டில், கடவுளும் ஆத்துமாவும் இல்லை என்ற வாதம் தலைதூக்கியபோது, ஆவிகளை நிரூபித்தால் நாத்திகம் வீழும் என்று நம்பிய ஒரு கூட்டம் எழுந்தது. ஜோசப் கிளான்வில் திரட்டிய சம்பவங்கள் அவர் மறைவுக்குப்பின் 1681இல் நூலாயின; பியூரிட்டன் குருவானவர் ரிச்சர்டு பாக்ஸ்டர் 1691இல் ஆவியுலகின் நிச்சயத்தைப் பற்றி எழுதினார். அதே 1691இல் ஆம்ஸ்டர்டாமில் பல்தசார் பெக்கர், பிசாசுக்கு இவ்வுலகில் இத்தகைய ஆற்றல் கிடையாதென்று எழுதத் தொடங்கி, மறு ஆண்டில் குருத்துவப் பதவியை இழந்தார். பேயை மறுத்தவன் கடவுளையும் மறுப்பான் என்ற அச்சம் அக்காலத்தை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு இது சாட்சி.

ஜான் வெஸ்லியின் இல்லத்தில் நிகழ்ந்ததும் இந்நெறியில் புகழ்பெற்றது. 1716 டிசம்பர் முதல் எப்வொர்த் குருமனையில் தட்டும் ஓசைகளும் முனகல்களும் கேட்டன. தாய் சூசன்னா முதலில் எலிகள் என்று எண்ணி, அவற்றை விரட்டக் கொம்பு ஊதுவித்தார். மன்னர் ஜார்ஜுக்காகக் குடும்ப ஜெபத்தில் மன்றாடும்போதெல்லாம் தட்டல் வலுத்தது. பெண்மக்கள் நாளடைவில் அச்சம் தெளிந்து அதற்கு ஜெஃப்ரி என்று பெயரும் சூட்டினர். அப்போது வெளியூரில் பள்ளி மாணவராயிருந்த ஜான், பிற்காலத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய வாக்குமூலங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். ஆனால் 1762இல் லண்டன் காக் லேனில் நடந்ததோ வேறு. இறந்த ஒரு பெண்ணின் ஆவி, தான் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாகத் தட்டல்களால் குற்றஞ்சாட்டுவதாக ஊரே திரண்டது. கிளார்க்கன்வெல் ஆலயத்தின் நிலவறையில் உள்ள சவப்பெட்டியில் தட்டிக் காட்டுவதாக அந்த ஆவி அளித்த வாக்கைச் சோதிக்க டாக்டர் ஜான்சன் உள்ளிட்ட குழு நள்ளிரவுக்குப்பின் இறங்கிச் சென்று நின்றது. ஓர் ஓசையும் எழவில்லை. வஞ்சகம் வெளிப்பட்டது, சூத்திரதாரி தண்டிக்கப்பட்டான். நிரபராதி ஒருவன் தூக்குமேடை ஏறாமல் தப்பியது ஐயுறத் துணிந்த கிறிஸ்தவர்களால்தான்.

இந்த ஆராய்ச்சிப் போக்கு 1882இல் லண்டனில் தோன்றிய ஆவியியல் ஆராய்ச்சிச் சங்கமாக வளர்ந்தது. அதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜில் இத்தகைய கழகமொன்றை நிறுவிய எட்வர்டு பென்சன் 1883இல் கான்டர்பரிப் பேராயரானார். ஏசு சபைக் குருவான ஹெர்பர்ட் தர்ஸ்டன் வாழ்நாளெல்லாம் இத்தகைய சம்பவங்களைத் திரட்டி, நம்பத்தக்கதையும் தகாததையும் பொறுமையாகப் பிரித்தார். மற்றொரு புறத்தில், 1848இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆவியுலகத் தொடர்பு இயக்கம், முதல் உலகப் போரில் மைந்தரை இழந்த தாய்தந்தையரிடையே காட்டுத்தீப்போலப் பரவியது. 1917இல் ரோமை அத்தகைய கூட்டங்களில் வேடிக்கை பார்ப்பதற்கும் போகலாகாது என்று தடுத்தது. ஆங்கிலிக்கன் பேராயர்கள் அமைத்த குழு 1939இல் அளித்த அறிக்கையோ 1979வரை வெளியிடப்படவில்லை. தடையும் மௌனமும் அவசியமாயிருந்திருக்கலாம். ஆனால் பிள்ளையை இழந்தவர்களை ஆற்றும் சொல் அவ்விரண்டிலும் இல்லை.

நெறிகளின் சங்கமம்

இந்நான்கு நெறிகளும் மேய்ப்பரின் பணியில் கூடியதற்கு முன்னோடி, ஜெர்மனியின் மெட்லிங்கன் கிராமத்துக் குருவானவர் யோகான் கிறிஸ்தோஃப் புளூம்ஹார்ட். 1842, 1843ஆம் ஆண்டுகளில், கொட்லீபின் டிட்டுஸ் என்ற ஏழைப்பெண் பட்ட பெருந்துன்பத்தில் அவர் மந்திரமோ ஆர்ப்பாட்டமோ நாடவில்லை. நம்பத்தக்க சாட்சிகளை உடனழைத்துச் சென்று, ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் மட்டுமே நிலைத்து நின்று, நிகழ்ந்தவற்றைத் தம் மேலதிகாரிகளுக்கு எழுத்தில் ஒப்புவித்தார். அப்பெண் பின்னர் அவர் குடும்பத்தில் ஒருத்தியாகவே வாழ்ந்து ஊழியம் செய்தாள் என்பது இவ்வரலாற்றின் சிறப்பான பகுதி.

எச்சரிக்கையை மறந்தால் விளைவதென்ன என்பதையும் நம் காலம் கண்டது. ஜெர்மனியில் 67 முறை பேயோட்டும் சடங்குக்கு உட்படுத்தப்பட்ட ஒரு மாணவி 1976இல் உணவின்றி மெலிந்து மாண்டாள். பெற்றோரும் குருமார் இருவரும் 1978இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். இங்கிலாந்துத் திருச்சபை 1975இல் வகுத்த வழிமுறைகள் இத்தகைய ஆபத்தை முன்னறிந்தவை போல் அமைந்துள்ளன: மருத்துவத்தின் துணையோடும், ஜெபமும் சாக்கிரமெந்தும் சூழவும், அத்தியட்சர் அனுமதித்த அனுபவசாலிகளாலும், விளம்பரமின்றியும் இப்பணி நடைபெறவேண்டும், அதன்பின்னும் அம்மனிதர் தொடர்ந்து பராமரிக்கப்படவேண்டும். ரோமைத் திருச்சபை 1999இல் வெளியிட்ட திருத்திய சடங்குமுறையும் மருத்துவ ஆலோசனையை வற்புறுத்துகிறது. கிழக்கத்திய சபைகளோ மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள்களில் இறந்தோருக்காக மன்றாடும் தொன்மையான ஒழுங்கினால், துக்கத்துக்கு ஒரு காலவரையும் வழியும் வகுத்து வைத்திருக்கின்றன.

தமிழ்க் கிறிஸ்தவருக்கு இவையெல்லாம் அயலார் கதையல்ல. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர், துர்மரணம் அடைந்தவர்கள் பேயாவார்கள் என்ற திருநெல்வேலிச் சீமை நம்பிக்கையை 1849இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அச்சீமையின் சீர்திருத்தச் சபையார் பேய்க்கோயிலை விட்டு வந்தவர்களாதலால் அசுத்த ஆவி என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்கினார்கள். கத்தோலிக்கரோ புளியம்பட்டியிலும் உவரியிலும் உள்ள அந்தோணியார் திருத்தலங்களில், காத்து கருப்பு அண்டியதென்று வருவோரைச் சமய வேறுபாடின்றி ஏற்றனர். நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளன்று புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தோரை நினைக்கின்றனர். முன்னது மறுப்பு நெறியின் வழித்தோன்றல். பின்னது வேண்டுதல் நெறியின் வழித்தோன்றல். இரண்டுக்கும் மதிப்புண்டு. ஆனால் மனநோயால் வாடும் மகளைப் பேய் பிடித்தவளென்று அடிப்பதற்கும், சங்கிலியில் பிணிப்பதற்கும், ஜெபத்துக்கு விலை பேசுவதற்கும் மேற்சொன்ன நெறிகளின் நல்லாசிரியர் ஒருவரிடத்திலும் ஆதாரம் கிடையாது என்பதை நம் சபைகள் உரத்துச் சொல்லவேண்டும்.

மரபு தரும் பிரமாணங்கள்

ஆகவே, மாறுபட்ட இந்நெறிகள் அனைத்தையும் கடைந்தெடுத்தால் திரண்டு வரும் பிரமாணங்களை இவ்வாறு கூறலாம். இறந்தோரை அழைக்கலாகாது, தானாக ஒன்று நேர்ந்தால் அஞ்சவும் வேண்டாம். உடல்நோய், மனநோய், வஞ்சகம், இயற்கை ஆகிய காரணங்களை முதலில் ஆராயவேண்டும். எஞ்சுவதை அதன் கனியால் சோதிக்கவேண்டும். பயத்தையும் பகையையும் வளர்ப்பது கடவுளிடமிருந்து வந்ததன்று. எந்தக் காட்சியும் வேதத்துக்குப் புதிய அதிகாரம் ஒன்றைச் சேர்க்க இயலாது. பணமும் புகழும் நுழைந்த இடத்தில் இப்பணி கெட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அஞ்சி வந்தவர் நம் பராமரிப்பில் இருக்கவேண்டியவர். இறந்தவர் கடவுளின் கரத்தில் இருப்பவர்.

ஆவிகளை நம்புகிறவன் நல்ல கிறிஸ்தவனாக இருக்கமுடியுமா என்று வினவுவோருக்கு, ஒரிஜெனும் கிரகோரியாரும் வெஸ்லியும் இருந்திருக்கிறார்கள் என்பதே விடை. நம்பாதவன் இருக்கமுடியுமா என்று வினவுவோருக்கு, தகப்பன் கனவில் வந்த கதையையும் ஐயுற்று ஆராய்ந்த அகுஸ்தீனார் இருக்கிறார். இவர்களை ஒரே திருச்சபையின் மக்களாக இணைப்பது ஆவிகளைப் பற்றிய ஒருமித்த அபிப்பிராயமன்று. மரணத்தின்மேலும் இருளின்மேலும் கிறிஸ்து அடைந்த வெற்றியைப் பற்றிய விசுவாசமே. அவ்விசுவாசம் உடைய சபை, இரவில் கதவு தட்டும் ஓசை கேட்டதாகச் சொல்லி வருபவரை நகைக்கவும் மாட்டாது, மேலும் அச்சுறுத்தவும் மாட்டாது. உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, அவரோடு ஜெபித்து, வேண்டுமானால் வைத்தியரிடமும் கூட்டிச்சென்று, அவர் மனம் தேறும்வரை உடனிருக்கும். நம் சபைகள் ஒவ்வொன்றும் இக்கடமையைத் தெளிந்த அறிவோடும் கனிந்த அன்போடும் மேற்கொள்ளுமாக.